குண்டு பதில் சொல்லவில்லை

கட்டடம் எழும்புகிற இடங்களில் அவளை மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை. தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வாள். கீழே இருக்கிறவர்கள் பலருக்கு அவள் முகம் தெரியாது, வாக்கிடாக்கியில் வருகிற குரல்தான் தெரியும். "மேலக்கா இன்னைக்குக் கோவமா இருக்காங்க போல" என்று கம்பி கட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். கோபமெல்லாம் இல்லை. அவள் பேச்சே அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அவள் கட்டிக்கொண்டதோ வாய் திறக்காத மனிதரை. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் மறுத்ததில்லை. குடி கிடையாது, கை நீளாது. ஆனால் ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிடுவார். மணிக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில். "சுவத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் பதில் வரவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது கோர்ட்டில்தான், அதுவும் வக்கீல்களின் வாயால்.

விவாகரத்து ஆயிற்று. மகள் அம்மாவோடு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்புவாள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் அவருடைய அக்கா, அதாவது மேலக்காவின் நாத்தனார், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "உசரத்துலயே இருந்து இருந்து, மனுஷங்கல்லாம் எறும்பாத் தெரிய ஆரம்பிச்சிட்டாங்க இவளுக்கு." மேலக்கா திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். அதோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது.

வீடியோ கேம் யோசனை மகளுடையது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண், அப்பா வீட்டுக்குப் போகாத ஞாயிறுகளில் மூன்று பேரும் அவரவர் வீட்டிலிருந்தே நெட் வழியாகச் சேர்ந்து ஆடவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவள் தேர்ந்தெடுத்த ஆட்டம் அப்படிப்பட்டது: மூன்று பிராணிகள் ஒரு பாழடைந்த கோட்டையைக் கடந்து வெளியேற வேண்டும். ஒன்று கல் மாதிரி கனமானது. ஓடத் தெரியாது, ஆனால் பாறையைத் தள்ளும், தரையில் இருக்கிற பலகையை மிதித்துக் கதவைத் திறந்து வைக்கும். இன்னொன்று ஒல்லி, உயரமாகக் குதிக்கும். மூன்றாவதற்கு நீள வால், எதிலும் தொங்கி ஆடும். ஒருவர் தப்பு செய்தால் மூவரும் தொடங்கிய இடத்துக்கே போகவேண்டும்.

அப்பா குண்டு, அம்மா ஒல்லி, மகள் வாலு. அந்தப் பெயர்கள் ஒரு சங்கடத்தையும் தீர்த்தன. "என்னங்க" என்று கூப்பிடுகிற உரிமை போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "குண்டு, அந்தப் பாறையைத் தள்ளுங்க" என்று சொல்வதில் ஒரு தடையும் இல்லை. மகள் ஒரு சட்டமும் போட்டிருந்தாள். ஆடும்போது ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசவேண்டும். பழைய கதை எடுத்தால் அவள் அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆக, இந்த வீட்டு டிவியிலிருந்து அந்த வீட்டு டிவிக்கு ஞாயிறு மாலைகளில் போய்வந்த பேச்சு இவ்வளவுதான்: நில்லு. வலது பக்கம். ஏறு. இழு. விடாதீங்க. நான் தாண்டிட்டேன், இப்ப நீங்க வாங்க. கல்யாணம் ஆன காலத்தில்கூட அவர் தன்னிடம் இவ்வளவு பேசியதில்லை என்று மேலக்காவுக்குத் தோன்றும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆரம்பத்திலிருந்தே ஆட்டம் சரியில்லை.

கோட்டையின் நடுவில் ஒரு இரும்புக் கதவு. குண்டு பலகையின்மேல் நின்றால் கதவு மேலே போகும், இறங்கினால் விழும். குண்டு நின்றது. ஒல்லி ஓடிக் கதவுக்கு அடியில் நுழைந்தபோது குண்டு இறங்கிவிட்டது. கதவு விழுந்து ஒல்லி நசுங்கியது. மூவரும் பழைய இடத்துக்கு வந்தார்கள்.

"குண்டு, நான் தாண்டுற வரைக்கும் நிக்கணும்" என்றாள்.

"ம்."

மறுபடியும் அதேதான் நடந்தது. மகள் சிரித்தாள். "அப்பா சும்மா உங்களை வெறுப்பேத்துறாங்கம்மா."

மூன்றாம் முறை குண்டு பலகைக்கே வரவில்லை. எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தது. கால்கள் அசைகின்றன, உடம்பு நகரவில்லை.

"அப்பா, அங்க ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம்."

"அந்த… பச்சை… அதுல…" என்று அவர் குரல் வந்தது. நாக்கு தடித்தாற்போல் இருந்தது. அந்த அறையில் பச்சையாக எதுவும் இல்லை.

மேலக்காவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஏதோ மனத்தாங்கல், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு உயிரை எடுக்கப்போகிறார் என்று நினைத்தாள். போன வாரம் மகளைக் கொண்டுவிடத் தாமதமானதற்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தாள், அதுவாக இருக்கும். கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனவள், வைக்கவில்லை. மௌனத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவரிடம் பார்த்தவள் அவள். கோபத்தில் பேசாதபோது அவர் மூச்சு மெல்லியதாக, அடங்கி இருக்கும். இப்போது டிவியில் கேட்ட மூச்சு நாய் இளைப்பது போல இருந்தது.

கிரேனில் அவளுக்கு ஒரு விதி. கீழே சைகை காட்டுகிறவனின் கை பாதியில் நின்றுவிட்டால், அவன் என்ன சொல்ல வந்திருப்பான் என்று ஊகிக்கக்கூடாது. சுமையை அப்படியே நிறுத்தவேண்டும்.

"வாலு, நீ அசையாதே" என்று மகளிடம் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள். "உடம்புக்கு என்ன பண்ணுது? பேச முடியுதா?"

பதில் இல்லை. குண்டு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

"குண்டு, நில்லு."

குண்டு நின்றது.

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் பேசுறது கேக்குதுன்னா குதி."

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குண்டு, அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி, ஒரே ஒரு முறை குதித்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு. அப்பா வீட்டு அட்ரஸைச் சொல்லு. பேச முடியலை, மயக்கமா இருக்காங்கன்னு சொல்லு" என்றாள் மகளிடம். குரல் உயரவே இல்லை. மகள் எண்களை அழுத்தி விவரம் சொன்னாள். வருகிறோம், யாராவது கதவைத் திறந்து வையுங்கள் என்றார்கள்.

அவர் தனியாக இருக்கிறார், மூன்றாம் மாடியில். மாற்றுச் சாவி இருப்பது ஒரே ஒருத்தியிடம். தெருவுக்கு எதிர்ப்பக்கம், துணி திருத்தித் தைக்கிற கடையின் பின்கட்டில் குடியிருக்கிற நாத்தனாரிடம்.

மேலக்கா தன் போனை எடுத்துக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி துண்டிப்பு.

"என் நம்பர்னா எடுக்க மாட்டாங்க. உன் போன்ல போடு. ஸ்பீக்கர்ல."

மகள் போட்டாள். உடனே எடுத்தாள் அத்தை. "என்ன கண்ணு, ஞாயித்துக்கிழமை அத்தை ஞாபகம் வந்திருக்கு?"

"அண்ணி, நான்தான் பேசுறேன். வெச்சிடாதீங்க."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "குழந்தை போன்ல இருந்து ஏன் பேசுற? எனக்கும் உனக்கும் என்ன பேச்சு?"

"உங்க தம்பிக்கு என்னவோ ஆயிடுச்சு. பேச வரல. சாவியை எடுத்துட்டு ஓடுங்க."

"அவன் வீட்ல என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு பேரும் கேம் ஆடிட்டிருந்தோம்."

"கேமா?" என்றாள் நாத்தனார், காதால் கேட்டதை நம்பாமல். "ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு, இதுல விளையாட்டு வேற. எதுல தோத்துப்போயிட்டு இப்படி என்னை விரட்டுற?"

"அத்தை" என்றாள் மகள். அவள் அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. "அப்பா மூச்சு வாங்குறாங்க அத்தை. எங்களுக்கு இங்க கேக்குது."

நாற்காலி நகர்கிற ஒலி. நாத்தனாரின் குரல் வேறாக இருந்தது. "மதியம் ஊசி போட்டுட்டுச் சாப்பிட்டானா?"

"என்ன ஊசி?"

"சுகர் ஊசி. உனக்குத் தெரியாதா?" மேலக்கா கேட்ட விதத்திலேயே நாத்தனாருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "சொல்லவேண்டாம்னான். இரு, ஓடுறேன்."

போனை அணைக்காமலே ஓடினாள். செருப்புச் சத்தம், தெரு ஹாரன், படிக்கட்டில் அவள் இரைப்பு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. மேலக்கா டிவியைப் பார்த்தே பேசினாள்.

"குண்டு, அக்கா வர்றாங்க. பக்கத்துல இனிப்பா ஏதாவது இருக்கா? இருந்தா குதி."

குண்டு அசையவில்லை.

"சரி. தூங்கக்கூடாது. குதி."

நீண்ட இடைவெளிக்குப் பிறகு அரைகுறையாக ஒரு குதி. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். கன்ட்ரோலர் கையிலிருந்து விழுந்திருக்கவேண்டும். அதற்குள்ளேதான் மைக். இப்போது அவருடைய மூச்சு கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

கண்ணாடி போடுகிறவர், ஹெட்போன் மாட்டினால் காதோரம் அழுத்தும் என்று டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர். அதனால் இவர்கள் பேசுவது அவருடைய ஹால் முழுக்கக் கேட்கும். அது ஒன்றுதான் அப்போது கையில் இருந்தது.

கதவில் சாவி திரும்புகிற சத்தம் போனிலும் வந்தது, டிவியிலும் வந்தது. பிறகு தடதடவென்று கதவைத் தட்டுகிற சத்தம்.

"உள் தாழ்ப்பா போட்டிருக்கான்" என்று நாத்தனார் அலறினாள். "டேய் தம்பி, கதவைத் திறடா. திறடா. எழுந்திரிடா."

"அண்ணி, தட்டாதீங்க. நான் பேசுறது அவருக்குக் கேக்கணும்."

"உன் பேச்சையா கேக்கப்போறான்?"

"கேக்குறாரு. கொஞ்சநேரம் சும்மா இருங்க."

தட்டுவது நின்றது. அந்த ஹால் மேலக்காவுக்குத் தெரியும். அவளும் வாழ்ந்த வீடு. டிவிக்கு எதிரே சோபா, சோபாவிலிருந்து எழுந்தால் வலப்புறம் சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றிப் போனால் வாசல் கதவு. தாழ்ப்பாள் கதவின் மேல்பக்கம், கீழ்நோக்கி இழுக்கிற மாதிரி.

"தாழ்ப்பாளைத் திறங்க" என்று சொல்லிப் பார்த்தாள். எந்த அசைவும் கேட்கவில்லை. "கதவுகிட்ட போங்க" என்றாள். முனகல் மட்டும் வந்தது. அவருக்கு அந்த வார்த்தைகள் போய்ச் சேரவில்லை. சேர்ந்த வார்த்தைகள் எவை என்று அவள் இப்போதுதான் பார்த்திருந்தாள்.

"குண்டு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் குரல். "எழுந்திரு. ஏறு."

சோபா கிறீச்சிட்டது.

"வலது. வலது பக்கம் நட."

காலைத் தேய்த்து நடக்கிற சத்தம். ஏதோ உருண்டு விழுந்தது. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நில்லு. கையால சுவத்தைப் பிடி. வாலு உன் பின்னாலதான் இருக்கா. பேசு, வாலு."

"இங்கதான்பா இருக்கேன்" என்றாள் மகள். "கதவுக்கு அந்தப் பக்கம் போகணும்பா. நீங்கதான் திறக்கணும்."

"முன்னால நட. இன்னும். இன்னும்."

நாத்தனாருக்குக் கதவின் இடுக்கு வழியே அவர் சட்டை உரசுகிற சத்தம் கேட்டிருக்கிறது. "வந்துட்டான், இங்கதான் நிக்கிறான்" என்று போனில் கிசுகிசுத்தாள்.

"குண்டு, மேல லீவர் இருக்கு. கையைத் தூக்கு. பிடி. இழு."

ஒன்றுமில்லை. விரல்கள் மரத்தில் பிராண்டுகிற ஒலி.

"விடாதே. இழு."

இரும்பு நழுவுகிற சத்தம் இரண்டு வீடுகளிலும் கேட்டது. அடுத்து, கதவோடு சேர்ந்து ஆள் சாய்கிற சத்தம், நாத்தனார் "ஐயோ" என்று தாங்கிப் பிடித்தது, பிறகு டப்பாக்கள் உருள்கிற ஒலி. சமையலறைச் சர்க்கரையைக் குழைத்து அவர் கன்னத்துக்குள் தடவினாள் அவள். "முழுங்குடா. முழுங்கு. மெதுவா." ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வந்தபோது அவருக்குக் கண் திறந்திருந்தது.

மேலக்காவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஊசிக்குப் பின் சாப்பிடாததால் இறங்கிப்போன சர்க்கரைக்காகக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகளைக் கட்டிக்கொண்டார். மேலக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். நடந்தது எதுவும் நினைவில்லையாம். ஏதோ ஒரு பாறையைத் தள்ளப் போனதாக மட்டும் ஞாபகமாம்.

மகளை அத்தையோடு வெளியே அனுப்பிவிட்டு அவள் கேட்டாள். "எப்ப இருந்து ஊசி?"

"ஆறேழு மாசமா."

"இன்னைக்கு ஏன் சாப்பிடல?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "அந்தக் கதவு இடம் போன தடவை எனக்கு வரவே இல்ல. என்னாலதான் நீங்க ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப சாகிறீங்க. தனியா ஆடிப் பழகிக்கலாம்னு மதியமே உக்காந்தேன். ஊசி போட்டது ஞாபகம் இருந்துச்சு. சாப்பிடணும்ங்கறது மறந்துபோச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு மேல் ஆத்திரமும் வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மறுபடி போர்வையின் ஓரத்தை மடித்தார். அவள் எழுந்தாள். வாசல்வரை போனவளின் முதுகுக்குப் பின்னால் அவர் சொன்னார்.

"சொன்னா பாப்பாவை அனுப்ப மாட்டியோன்னு பயந்தேன்."

"சரியாத்தான் பயந்திருக்கீங்க. போன வாரம் அவ உங்க வீட்ல தூங்கியிருக்கா. அவ முன்னால இப்படி விழுந்து, என்ன பண்றதுன்னே தெரியாம அவ முழிச்சிருந்தா? இனிமே அனுப்ப மாட்டேன்."

சொன்னபடி செய்தாள். இரண்டு சனிக்கிழமை அனுப்பவில்லை. ஆட்டமும் நின்றது. மகள் சண்டை போடவில்லை, அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையசைப்பு, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. மேலக்காவுக்குக் கிரேனில் உட்கார்ந்து கீழே பார்க்கும்போதும் அந்தச் சாத்திய கதவுதான் கண்ணில் நின்றது. ஒருநாள் கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் அவள் பதில் சொல்லவில்லை. "மேலக்கா, கேக்குதா?" என்று மூன்றாம் முறை கேட்டபோதுதான் திடுக்கிட்டுக் குரல் கொடுத்தாள். அன்று சாயங்காலம் இறங்கியதும் தன் போனிலிருந்தே நாத்தனாரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தாள்.

"அண்ணி, சனிக்கிழமை அவ வந்தா நீங்க அங்க படுத்துக்குவீங்களா?"

"நான் அன்னைக்கே சொல்லலாம்னு இருந்தேன். நீ எங்க நின்னு கேட்ட, விறுவிறுன்னு போயிட்ட" என்றாள் நாத்தனார். பிறகு, கொஞ்சம் தணிந்து, "ஊசி விஷயம் குழந்தைக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. நீயும் வந்து என்ன ஏதுன்னு பாத்துக்கோ" என்றாள்.

சனிக்கிழமை அவள் வழக்கம்போல மகளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடவில்லை. கூடவே மாடி ஏறினாள். நாத்தனார் காபி கலந்துகொண்டிருந்தாள். "சர்க்கரை இந்த வீட்ல எங்கெங்க வெச்சிருக்கேன்னு கேளு, கட்டிலுக்கு அடியில கூட இருக்கு. எறும்புக்குத்தான் இப்ப ராஜ வாழ்க்கை."

அவர் சாப்பாட்டு மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். இன்சுலின் ஏற்றிய ஊசிப் பேனா, விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்க்கிற சின்ன மெஷின், பழச்சாறு டப்பா. லென்ஸ் பிடிக்கிற அதே பக்குவத்தோடு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து, கை நடுங்கினால் என்ன, வியர்த்தால் என்ன, வாய் குழறினால் என்ன செய்யவேண்டும், எப்போது வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. மகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போனது.

மேலக்கா நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசியா சொன்னது எனக்குப் புரியல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் ஊசிப் பேனாவைக் கையில் எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.